ரிஷிமூலம்

உப்பளக்கரை மடத்துப் பூதானந்த சாமி எந்த வீட்டில் பூஜை செய்தாலும், அந்த வீடியோவில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு நிழல் நிற்கும். "காவு கேக்குது. வீட்டை மடத்துக்கு எழுதி வச்சுட்டு ஓடிடுங்க" என்பார். மூன்று குடும்பங்கள் ஓடியே போயின. நாலாவது, மடத்தில் எடிட்டிங் வேலை பார்க்கும் செம்பவளத்தின் வீடு.

"சாமி, நம்ம எடிட்டிங் மென்பொருளோட மூலநிரல், அதாவது அதை எழுதின வரிகள், யாரும் பார்க்கலாம்னு திறந்து வச்சது. ஊர் முன்னாடி அந்த வரிகள்லேருந்தே மென்பொருளைப் புதுசா கட்டி, எங்க வீட்டுப் பூஜை வீடியோவை ஓட்டட்டுமா?" என்று கேட்டாள் செம்பவளம்.

"நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாதும்மா" என்று சாமி சிரித்தார். "ஆனாலும் கட்டு. நிழல் அப்பவும் வரும்."

ஊர் கூடியிருக்க, லினக்ஸ் கணினியின் கறுப்புத் திரையில் எழுத்துகள் தாமாக ஓடின. எண்பது சதவீதம், தொண்ணூறு, நூறு. கூட்டம் திரையை நெருங்கி வந்தது. கட்டிய மென்பொருளை நிறுவி, செம்பவளம் வீடியோவை ஓட்டினாள்.

சாமிக்குப் பின்னால் வழக்கமான நிழல் எழுந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று, ஈரக்கூந்தலை விரித்துப்போட்டு, மெல்லக் குனிந்து அவர் கழுத்தருகே வந்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சாமி அலறினார்: "ஐயோ, நான் ஒண்ணுதானே வச்சேன்!"

கூட்டம் திரையை விட்டுவிட்டுச் சாமியைப் பார்த்தது.

"இன்னொண்ணு நான் வச்சது சாமி. நிழலை வரவழைக்க நிரலுக்குள்ள நீங்க ஒளிச்சு வச்ச வரிக்குக் கீழேயே, ஒரு வரி சேர்த்தேன்" என்றாள் செம்பவளம். "நதிமூலம் எனக்குத் தெரியாது. ரிஷிமூலம் இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."