மூடி போட்டு எடுத்த படம்

"இந்த ஊர்ல இருந்துக்கிட்டு நெபுலாவைப் படம் பிடிக்கிறது ஆகிற காரியம் இல்லம்மா" என்றார் தணிகாசலம்.

பர்வீன் நிமிரவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்திக்கொண்டிருந்தார்.

சேலையூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருக்கு வயது முப்பத்துமூன்று. தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, நெபுலா என்கிற விண்மேகங்களைப் படம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த குரு பர்வீன்தான். அதனால் நில அளவையராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், கடை முக்காலியில் கைகட்டாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன தடை சார்?"

"தெரு விளக்கு, பஸ் ஸ்டாண்டு விளக்கு, எல்லாத்தையும் விடுங்க. பக்கத்து வீட்டு எஸ்தர் கொல்லையில ஒரு பல்பு எரியுது. அதுதான் என் பிராணனை வாங்குது."

"எதுக்குப் போட்டிருக்காங்க?"

"மாவு அரைக்க. சாயங்காலம் அரைச்சு, காலையில கடைங்களுக்குப் பாக்கெட் போடுது. அதுலதான் குடும்பமே ஓடுது."

சொல்லிவிட்டு சட்டைப்பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்தார்.

"நகராட்சிக்கு மனு. அனுமதி இல்லாம வீட்டுல வியாபாரம் பண்ணுதுன்னும் சேர்த்து எழுதியிருக்கேன். நாளைக் கழிச்சுக் கொடுக்கப்போறேன்."

பர்வீன் நாலு தாளையும் பொறுமையாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு சார்."

"அது கிடக்கட்டும். நெபுலாவுக்கு வழி சொல்லுங்க."

பர்வீன் மேஜைமேல் திறந்திருந்த கண்ணாடிக் கூட்டை 'டப்' என்று மூடினார்.

"இன்னிக்கு மூடியைப் போட்டு எடுங்க."

"தொலைநோக்கி மூடியையா? மூடிட்டா என்ன தெரியும்?"

"ரெண்டு ரெண்டு நிமிஷமா முப்பது படம். எடுத்துட்டு வாங்க."

அன்று சாயங்காலம் இருட்டியதும் தணிகாசலம் கொல்லையில் உட்கார்ந்து மூடியைப் படம் எடுத்தார். கொசுக்களுக்குக் கொண்டாட்டம்.

மதில்மேல் எஸ்தரின் தலை தெரிந்தது.

"சார், மூடியைக் கழட்ட மறந்துட்டீங்க."

"தெரியும்மா."

கிரைண்டர் கொஞ்ச நேரம் ஓடியது. தலை மறுபடி வந்தது.

"சார், இன்னும் கழட்டலியே."

"தெரியும்னு சொன்னேன்ல."

மறுநாள் பர்வீன் படத்தைக் கணினியில் திறந்தார். திரை முழுக்கக் கறுப்பு.

"பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல" என்றார் தணிகாசலம். குருவே தோற்றதில் அவருக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

பர்வீன் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினார். கறுப்பில் சிவப்புப் புள்ளிகள் முளைத்தன, நீலப் புள்ளிகள் முளைத்தன. கீழ்மூலையில் ஊதா நிறத்தில் ஒரு ஒளி பரவியது.

"மூடி சரியா மூடியிருந்துச்சா சார்?"

"மேல கறுப்புத் துணியும் கட்டினேன்."

"அப்ப இது எந்த வீட்டு பல்பு?"

தணிகாசலம் திரையைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார்.

"கேமரா தானாப் போடுற இந்தப் புள்ளிதான் சார் உங்க எல்லாப் படத்துலயும் கிடக்கு" என்றார் பர்வீன்.

பிறகு கேமராவில் கிடந்த அவருடைய பழைய நெபுலாப் படங்கள் இருநூறையும் திறந்தார். இந்தப் புள்ளிகளை அவற்றிலிருந்து கழித்தார். மீதியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். வாங்கி வைத்த டீ ஆறிப்போயிற்று.

மெல்ல மெல்ல ரோஜா நிறச் சிறகுபோல் நெபுலா தெரிந்தது.

தணிகாசலம் முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"இது எங்க எடுத்தது?"

"உங்க கொல்லையில. போன மாசம்."

"பல்பு?"

"தினமும் எரியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

சந்தோஷத்தோடு வீடு திரும்பியவர் நேராகக் கொல்லைக்குப் போனார். பக்கத்துக் கொல்லை இருட்டாக இருந்தது.

"எஸ்தரம்மா, கரண்டு இல்லையா?"

"இருக்கு சார். நான்தான் அணைச்சேன். நேத்து பூரா மூடியைப் போட்டுக்கிட்டே உக்காந்திருந்தீங்களே. எங்க பல்பு இடைஞ்சலா இருக்குன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"அப்ப மாவு?"

"கை பாத்துக்கும் சார். பழகின வேலைதானே."

இருட்டில் அரிசி களையும் சத்தம் கேட்டது. சட்டைப்பையில் இருந்த மனுவை நினைத்ததும் தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது.

"பல்பைப் போடும்மா."

"உங்க படம்?"

"முதல்ல பல்பைப் போடு."

பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் மனுவைப் பிரித்தார். நாலு தாளையும் பசை போட்டு ஒட்டினார். தொலைநோக்கியின் வாயைச் சுற்றிக் குழாய்போல் வைத்து நூலால் கட்டினார். இனிப் பக்கத்து வெளிச்சம் உள்ளே விழாது. அளவு கச்சிதமாக இருந்தது.

பிறகு மூடியைக் கழற்றினார்.

"அது என்ன காகிதம் சார்?" என்றார் எஸ்தர் மதிலுக்கு மேலிருந்து.

"உன் பல்பு எரியறதுக்கு எழுதினதும்மா" என்றார் தணிகாசலம்.