எண்ணெய் தேய்த்த முதலாளி

ஆடிச் சாரலில் குற்றாலத்துக்கு வந்தார் சென்னை ஜூஸ் கடை முதலாளி கனகசபாபதி. அருவிக்குப் போகும் வழியில் முப்பிடாதியின் பழக்கடையை மொய்த்த கூட்டத்தைப் பார்த்ததுமே தன் கடைப் பெயரில் நடத்திக்கொள்ள அவளுக்கு பிரான்சைஸ் உரிமை கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டார்.

"எங்க போர்டு மாட்டிக்கோ. ஆனா வருஷம் பூரா திறந்திருக்கணும். ஒரு மாசம் மூடினாலும் இந்த இடம் கம்பெனிக்கு. வேண்டாம்னா எதிர்லயே நாங்க கடை போட்டுடுவோம்."

சீசன் முடிந்தால் இங்கே குரங்குகள்தான் மிஞ்சும் என்றாள் முப்பிடாதி.

"வியாபாரம் தெரியாதவங்க சொல்ற சாக்கும்மா இது."

அவள் சற்று யோசித்தாள். "சரிங்கய்யா. திறப்பு விழாவை பங்குனியில வச்சுக்கிடுவோம். நீங்க எண்ணெய் தேச்சு அருவியில குளிச்சிட்டு வந்து ரிப்பன் வெட்டுங்க. அப்புறம் கையெழுத்து போடுதேன்."

பேப்பரில் படம் வரும் என்று அவருக்கும் அது பிடித்துப்போனது.

பங்குனியில், லாட்ஜ் அறையிலேயே உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடும் பின்னால் மேளத்தோடும் அருவிக்கு வந்தார். பாறை காய்ந்து கிடந்தது.

"தண்ணி எங்கம்மா?"

"ஆனியில வந்துரும்யா."

"அதுவரைக்கும் நான் இப்படியே நிக்கவா?"

"நீங்க இந்த ஒரு தடவைதான் நிக்கணும். நான் கடையைத் திறந்து வச்சிட்டு வருசா வருசம் நிக்கணும்லா."

மேளம் நின்றது. முப்பிடாதி கடையிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணெய் முழுதாகப் போகவில்லை. வருஷம் பூரா திறக்கும் நிபந்தனை போய்விட்டது.