நாவல் பலகையில் வந்த மயில்

சந்திரவடிவின் தோட்டத்து நாவல் மரம் காற்றில் வேரோடு சாய்ந்தது. வீட்டுப் பக்கம் சாயவில்லையே என்று முதலில் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டாள். அடுத்து மகளை நினைத்தாள். மகள் ஆவணியில் புதுவீட்டில் பால் காய்ச்சப் போகிறாள். மேஜைக்கு நம் மரத்திலேயே நல்ல பலகை தருகிறேன் என்று அவளுக்குப் போனில் வாக்கும் கொடுத்துவிட்டாள் சந்திரவடிவு.

அடிமரம் யானை மாதிரிக் கிடந்தது. மரக்கடைக்குக் கொண்டுபோக வழியில்லை. கிடந்த இடத்திலேயே அறுத்துக் கொடுக்கத் தாசையன் வந்தான். சங்கிலி சுழலும் மிஷின் ரம்பத்தை ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டி, மரத்தின் முதுகில் நீளவாக்கில் ஓட்டி, பலகை பலகையாக எடுக்கிறவன். கூலியாகப் பணம் கேட்கவில்லை. எல்லாம் முடிந்ததும் தனக்குப் பிடித்த ஒரு பலகை, மீதி அவளுக்கு. அவளும் சரி என்றாள்.

தொடங்குமுன் ஒன்றுதான் கேட்டான்: "யக்கா, மரத்துக்குள்ள இரும்பு கெடக்கா? பட்டா என் சங்கிலி பல்லு போயிரும்."

"ஒரு குண்டூசிகூடக் கெடையாது தம்பி."

அவள் மனசறிந்து பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் ஒரு காலத்தில் பசுவைக் கட்ட அந்த மரத்தில் கொக்கி அடித்தாள். பெரிய சண்டையாகி, பிடுங்கிவிட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். உண்மையில் கொக்கி வரவில்லை; வெளியே நீட்டியதை மட்டும் ஒடித்தாள். மீதியை மரம் விழுங்கிக்கொண்டது. இப்போது வேலியோரம் நின்று அத்தனையும் கேட்டவள், வாயே திறக்கவில்லை.

முதல் அறுப்பிலேயே 'கிரீச்' என்றது. சங்கிலியில் பாதிப் பல் போயிற்று. தாசையன் அரத்தால் தீட்டித் தீட்டி, வேர்த்து வடிய அறுத்தான். முதல் அறுப்பில் மேலே வந்த பட்டைத் துண்டை அடுப்புக்கு ஆகட்டும் என்று ஓரமாகக் கவிழ்த்துப் போட்டார்கள். எங்கும் மரத்தூள். சாயங்காலம் வேலை முடிந்து பலகைகளைத் தண்ணீர் விட்டுக் கழுவினால், முதல் பலகையில் ஒரு மயில்! கொக்கியின் துரு ஊறி, நீலமும் கறுப்புமாகத் தோகை விரித்து நின்றது.

தாசையன் அதன்மேல் கையை வைத்து, இதுதான் தனக்குப் பிடித்த பலகை என்றான். சந்திரவடிவு பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். முருகனே என் மகளுக்காக அனுப்பின மயிலப்பா, இதை மட்டும் விட்டுவிடு என்று கெஞ்சினாள். அதற்குள் இசக்கியம்மாள் வேலி தாண்டி வந்துவிட்டாள்.

"அது என் கொக்கி விட்ட கறை, மைனி. மரத்த நீ வச்சுக்கோ. மயில எனக்குத் தா."

கொக்கிச் சண்டைக்குப் பிறகு இத்தனை நாள் பேசாதவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சொல்லுங்கள், அந்தப் பலகை மூவரில் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: தாசையனுக்குத்தான். இரும்பு உண்டா என்று கேட்டுத்தான் ரம்பத்தை வைத்தான். பிடித்ததை எடுத்துக்கொள் என்றுதான் அவனிடம் பேச்சு. மகளுக்குச் சொன்னது நல்ல பலகை. அது இன்னும் அடுக்காக இருக்கிறது. இசக்கியம்மாளோ, கேட்ட நேரத்தில் மறைத்த கொக்கிக்கு, லாபம் வந்த நேரத்தில் உரிமை கொண்டாட முடியாது. சந்திரவடிவு பெருமூச்சோடு பலகையைக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது: ரம்பம் ஒருமுறை போனால் இரண்டு முகம் திறக்குமே! ஓடிப்போய்ப் பட்டைத் துண்டைப் புரட்டித் தண்ணீர் ஊற்றினாள். அதிலும் ஒரு மயில், பலகை மயிலைப் பார்த்துத் திரும்பி நின்றது. மகள் வீட்டுக்கு மேஜையோடு அந்தத் துண்டில் செய்த ஒரு பெஞ்சும் போகிறது. இசக்கியம்மாள் அறுபட்ட கொக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனாள்.