எட்டாவது தாம்பாளம்

ஒரு ஊர்ல ஒரு ஜெயக்கொடி அக்கா, பாத்திரக் கடை வச்சிருந்தாங்க. அவங்களுக்கு அநியாயம் பண்ணினது பாலம் கட்ட வந்த இன்ஜினியர். கடைத்தெரு முழுக்க ரெண்டு ஆள் உயரத்துக்குத் தகரம் அடிச்சு மறைச்சுட்டாரு. யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. நீயே சொல்லு, நியாயமா?

"ம்ஹூம்."

உள்ள போக, குனிஞ்சு நுழையுற மாதிரி ஒரே ஒரு சந்து. அப்புறம் எவன் வருவான்? ஆவணிக் கல்யாணத்துக்கும் சீர்ப் பாத்திரம் வாங்க ஆள் வரலைன்னா கடையை மூடிடுறதுன்னு அக்கா முடிவு பண்ணிட்டாங்க. "ஒரு வழி விடுங்க சார்"னு கேட்டா, "பாப்போம்மா"ன்னுட்டு அவரு ஜீப்ல ஏறிடுவாரு. டுர்ர்ர்.

அப்போ அக்கா முதல்ல தகரத்துல போர்டு மாட்டினாங்க. யாரும் படிக்கலை. அப்புறம் பெருசா மயில் வரைய வச்சாங்க. ஜனங்க மயிலோட போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறிட்டாங்க. "மயிலா வந்து குடம் வாங்கப் போகுது?"ன்னாரு பக்கத்துக் கடை டெய்லர் சுல்தான் பாய்.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

பாத்திரம்னா தட்டிப் பாத்துத்தானே வாங்குவோம்? டங்னா நல்லது, டொக்னா விரிசல். முப்பது வருஷமா அதைக் கேட்ட காது அக்காவுக்கு. மூணாவதா, பழைய பித்தளைத் தாம்பாளமா தட்டித் தட்டித் தேடி, ச ரி க ம ப த நி, சுரத்துக்கு ஒண்ணா ஏழு தாம்பாளத்தை மட்டும் தகரத்துல வரிசையா மாட்டினாங்க. கூடவே ஒரு கரண்டி. டங், டிங், டீங்னு ஏறிக்கிட்டே போகும். நி வந்ததும் நின்னுடும். மேல் ச இல்ல.

"அது எங்க சித்தி?"

எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. தட்டினவங்களுக்கு இருப்புக் கொள்ளலை. சந்துல குனிஞ்சு போனா, அக்கா கடைவாசல்ல எட்டாவது. டீஈஈங்! அப்புறம் வந்தவங்க சும்மா திரும்புவாங்களா? பாய்கிட்ட ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாங்க, எதிர்க்கடையில காபித்தூள் அரைச்சாங்க. ஆவணி பொறந்ததும் ஒரு கல்யாண வீடே வந்து சீர் எடுத்துச்சு.

அப்போ ஜீப் வந்துச்சு. "யாரைக் கேட்டு மாட்டினீங்க? கழட்டுங்க"ன்னாரு இன்ஜினியர். நானா இருந்தா, நீங்க யாரைக் கேட்டு மறைச்சீங்கன்னு பிடிச்சிருப்பேன். அக்கா கரண்டியை நீட்டினாங்க. "கழட்டுறதுக்கு முன்னால ஒரு தடவை தட்டிப் பாருங்க சார்."

டங், டிங், டீங்... நி. தூக்கின கரண்டி தூக்கினபடி நின்னாரு. அந்தப் பக்கம் பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு. "அடுத்தது எங்கம்மா?"

கதை இன்னும் ஒரு வாய்தான். கண்ணைச் சாத்தினாத்தான் பதில் வரும். சாத்திட்டியா?

"ம்."

அக்கா சொன்னாங்க: "கடையில இருக்கு சார். நீங்க விட்ட வழிதான், குனிஞ்சு வாங்க."