பேர் வராத விதி

வானிலை ஆய்வு நிலையத்தின் இயக்குநர் தண்டபாணிக்கு, தனக்குக் கீழே வேலை பார்க்கும் அறவாழி என்றாலே வயிறு எரியும். அந்த ஆள் என்ன எழுதிக் கிழித்திருக்கிறான் என்று பார்க்காமல் அவருக்குக் காலைக் காபி இறங்காது.

அங்கே ஃபைல்களைச் சேமிக்க இரண்டு அடுக்கு. மேலே டிஸ்க்கில் இருப்பது கேட்டதும் திறக்கும். கீழே டேப்புக்குப் போனது ஆடி அசைந்துதான் வரும். இரண்டையும் கவனிப்பவள், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் செங்கமலம்.

அவளைக் கூப்பிட்டார். "என் ஃபைல் மேலேயே இருக்கணும், அறவாழியோடது கீழே போகணும். ஆனா எது மேலே, எது கீழேன்னு நீ கம்ப்யூட்டர்ல போடுற விதியில யார் பேரும் வரக் கூடாது. முடியலைன்னா நாளையிலிருந்து வராதே."

"கொஞ்ச நாளா யாருமே திறக்காத ஃபைல் கீழே போகும்னு போட்டுடவா, சார்?"

"சபாஷ்! அவனோடதை எவன் திறக்கப்போறான்?"

மாதம் ஒன்று போனது. இயக்குநரின் ஃபைல் மொத்தமும் டேப்பில் கிடந்தது. அதை அவர்கூடத் திறந்து பார்த்ததில்லை. அறவாழியுடையது மேலே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

நிறைந்த கூட்டத்தில் அவர் குதித்தார். "எந்த வேலையத்த பய அதைத் தினமும் திறக்கிறான்? பேரைச் சொல்லு!"

"பேர் வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, சார்?"

"பரவாயில்லை, சொல்லு!"

"நீங்கதான், சார். காலையில காபி வந்ததும்."

அறவாழி எழுந்து கும்பிட்டார். "எல்லாம் உங்க புண்ணியம், சார்."