தெம்னா அணி தோற்ற கதை

ரஷ்ய நாட்டில், தலைநகருக்கு வெகு தொலைவில், தெம்னா ஆற்றங்கரையில் ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டு விலங்குகள் ஒரு கால்பந்து அணி வைத்திருந்தன. யெகோர் என்ற முயல் அணித் தலைவன். பொதாப் என்ற கரடி கோல்கீப்பர். பந்தைக் கடத்திக்கொண்டு போவதில் வார்யா என்ற நீர்நாயை மிஞ்ச ஆளில்லை.

வெகுகாலம் அந்த அணியை யாரும் மதிக்கவில்லை. கடைசி வரிசைக் காடுகளோடு சேற்றில் உருண்டு விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு கோடையில் அதற்கு நல்ல காலம் பிறந்தது. நீர்நாய் பந்தைக் கொடுத்தது. முயல் பாய்ந்து கோல் அடித்தது. கரடி ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. வரிசை வரிசையாக ஏறி, பெரிய காடுகள் விளையாடும் முதல் வரிசைக்கே அந்த அணி வந்து சேர்ந்தது!

அங்கே தலைநகர்க் காட்டின் ஓநாய் அணி இருந்தது. கோப்பை எப்போதும் ஓநாய்களுக்குத்தான். தெம்னா அணி அவற்றோடு மோதிய நாளில் மழை கொட்டியது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியும் நேரத்தில், ஈரப் பந்து பொதாப்பின் கையிலிருந்து வழுக்கி உள்ளே போய்விட்டது.

"போகட்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்வோம்!" என்றது முயல். எல்லா விலங்குகளும் கரடியின் முதுகில் தட்டிக் கொடுத்தன.

சில நாட்களில் அக்லாயா என்ற நரி தெம்னா காட்டுக்கு வந்தது.

"நான் உங்கள் ஆட்டத்துக்கு அடிமை!" என்று முயலிடம் சொன்னது. "ஆனால் ஒன்றுதான் புரியவில்லை. அவ்வளவு பெரிய கையிலிருந்து பந்து எப்படி நழுவும்?"

"மழை பெய்ததே!"

"ஆமாம், மழைதான். ஓநாய்களின் கோல்கீப்பர் மேலும் அதே மழைதானே பெய்தது? நான் எதையும் சொல்லவில்லை அப்பா! சும்மா கேட்டேன்."

சும்மா கேட்ட கேள்வி முயலின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மறுநாள் கரடி முயலைக் கடந்து போனது. அதன் கையில் தேன் மணந்தது.

"இலை உதிரும் காலத்தில் தேன் ஏது?" என்று நரியிடம் ஓடிப்போய்க் கேட்டது முயல்.

"ஓநாய்க் காட்டில் தேனுக்குப் பஞ்சமே இல்லையாம்" என்று நரி எங்கோ பார்த்தபடி சொன்னது.

"கரடியிடமே கேட்டுவிடட்டுமா?"

"நல்ல யோசனை! திருடனிடமே போய், திருடினாயா என்று கேள். உடனே ஒப்புக்கொள்வான்!"

முயல் கேட்கவில்லை. கரடியை வேவு பார்க்கக் கார்ப் என்ற காகத்தை அனுப்பியது. எதையாவது கொண்டுவந்து சொல்ல வேண்டுமே என்பது காகத்தின் கவலை.

"கரடி தனியாக உட்கார்ந்து சிரித்தது!" என்றது.

"பார்த்தாயா!" என்றது முயல்.

"இன்று சிரிக்கவே இல்லை!" என்றது காகம் மறுநாள்.

"உஷாராகிவிட்டது!" என்றது முயல்.

பிறகு காகம் தாமதமாக வந்தால், அதுவும் கரடியோடு கூட்டோ என்று முயலுக்குத் தோன்றியது. சந்தேகம் அணி முழுக்கப் பரவியது.

நீர்நாய்க்கு மட்டும் உண்மை தெரியும். அந்த மழை ஆட்டத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது பொதாப்பின் உள்ளங்கை கிழிந்திருந்தது. பழைய மரப்பொந்தில் மிஞ்சியிருந்த தேனை எடுத்து அது புண்ணில் தடவியதை வார்யா ஆற்றிலிருந்து பார்த்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தது. 'உனக்கும் பங்கு உண்டோ என்று கேட்டுவிட்டால்?' என்று பயந்து வாயை மூடிக்கொண்டது.

அடுத்த ஆட்டத்தில் முயல் இரண்டு முள்ளெலிகளைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தியது. பந்தைப் பார்க்க அல்ல, கரடியைப் பார்க்க! மைதானத்தில் யாரும் யாருக்கும் பந்தைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது எதிரிக்குத் தள்ளிவிடுமோ என்று ஒவ்வொன்றும் தானே உருட்டிக்கொண்டு ஓடியது. கோல் மேல் கோல் விழுந்தது.

"போ! வாங்கிய தேனை நக்கிக்கொண்டு போய்விடு!" என்று எல்லார் முன்னாலும் கரடியைப் பார்த்துக் கத்தியது முயல்.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, யெகோர்!" என்றது பொதாப். காயம் ஆறாத கையை மார்போடு அணைத்துக்கொண்டு காட்டை விட்டுப் போனது.

வசந்தத்தில் காகம் பறந்து வந்தது. "ஓநாய் அணியின் கோலில் இப்போது பொதாப் நிற்கிறது!"

"நான் சொன்னது சரியாகப் போயிற்றா?" என்று முயல் துள்ளிக் குதித்தது.

அப்போதுதான் நீர்நாய் அழுதுகொண்டே காயத்தைப் பற்றிச் சொன்னது. முயல் நம்பவில்லை. "நீயும் அதன் ஆள்தான்!" என்றது.

அதன்பின் தெம்னா அணி ஏறிய வழியே இறங்கியது. கடைசி வரிசைக்குப் போனதும் நரி வருவதும் நின்றது.

சில ஆண்டுகள் கழித்து, பெரிய அணிகளும் சிறிய அணிகளும் சேர்ந்து ஆடும் ஒரு போட்டி வந்தது. குலுக்கலில் தெம்னா அணிக்கு ஓநாய்களே எதிரணியாக விழுந்தன. அன்று முயல் அடித்த ஒவ்வொரு பந்தையும் பொதாப் பிடித்தது. தெம்னா அணி படுதோல்வி அடைந்தது. தலை நிமிர்ந்த முயல், கூட்டத்தில் ஓநாய்களுக்கு நடுவே ஒரு முகத்தைக் கண்டது. அக்லாயா! கழுத்தில் ஓநாய் அணியின் சாம்பல் துண்டைச் சுற்றிக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தது.

முயல் மெல்லக் கரடியிடம் போனது.

"பொதாப், உண்மையைச் சொல். நீ எங்களோடு இருந்தபோது, ஓநாய் அணிக்காரர்கள் உன்னிடம் ஆள் அனுப்பினார்களா?"

"என்னிடம் யாரும் வரவில்லை, யெகோர்" என்றது கரடி. "உன்னிடம்தான் வந்தார்கள். நீ என்னைத் துரத்திய பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள்."

"என்னை மன்னித்துவிடு! நம் காட்டுக்கே வந்துவிடு!"

"மன்னித்து வெகுநாள் ஆயிற்று. ஆனால் வர முடியாது. இவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இவர்கள் என்னை நம்பி, கோலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆடுகிறார்கள்."

முயல் ஊர் திரும்பியது. நீர்நாயிடமும் காகத்திடமும் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டது. தெம்னா அணியில் இப்போது மறுபடியும் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுக்கிறார்கள். ஆனால் இன்னும் கடைசி வரிசையில்தான் ஆடுகிறார்கள். பொதாப்பைப் போல ஒரு கோல்கீப்பர் அவர்களுக்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

நேரில் கேட்டுத் தெளியாமல் நண்பனைச் சந்தேகிப்பவன், எதிரி செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்து முடிக்கிறான்.