எந்த வண்டி, டீச்சர்?

"டீச்சர், ஹைபிரிட் காரே வாங்கிடட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

கேட்டவர் நாச்சிமுத்து. ஏற்காட்டில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் என்று அவர் கூப்பிட்டது ஸ்டெல்லாவை. அவர் வயதில் பாதிதான் அவளுக்கு. ஐந்து மாதத்துக்கு முன் அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் வாங்க வைத்தவள்.

ஸ்டெல்லா பயிற்சிக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சார் அவ்வளவு பதற்றம்?"

"இசைவாணிக்கு எட்டாம் மாசம். ஆஸ்பத்திரி கீழே சேலத்துல. போன தடவை சொல்லி வெச்ச வாடகைக் கார் வரவே இல்லை. ரெண்டு மணி நேரம் மழையில நின்னா எம்பொண்ணு. வலி வர்ற அன்னிக்கும் அப்படி ஆயிட்டா?"

"வாங்கிட வேண்டியதுதானே?"

"எதைன்னு தெரியலையே. ஹைபிரிட் வாங்கி, மலையேறும்போது பேட்டரி படுத்துடுச்சுன்னா? இங்க யாருக்கு அதைப் பார்க்கத் தெரியும்? சரி, பெட்ரோலே போதும்னு வாங்கிட்டு, அப்புறம் தப்புப் பண்ணிட்டோமேன்னு ஆயிட்டா? சோறு இறங்கலை டீச்சர்."

"ஓட்டிப் பார்த்தீங்களா?"

"நாலு ஷோரூம் போனேன். சேல்ஸ்மேன் ஓட்டிக் காட்டினாரு. பக்கத்துல உட்கார்ந்து நல்லா கவனிச்சேன்."

"நாலுலயும்?"

"நாலுலயும்."

ஸ்டெல்லா துணியை மடித்து வைத்தாள்.

"அடுத்த செக்கப் எப்போ?"

"இன்னிக்குத்தான், பதினோரு மணிக்கு. நீங்க கூட்டிட்டுப் போனா நல்லாருக்கும்னுதான் வந்தேன்."

"வாங்க."

அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். இசைவாணி இடுப்புக்கு ஒரு தலையணையோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஸ்டெல்லா இறங்கிச் சுற்றி வந்து இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தாள்.

ஸ்டியரிங் முன்னால் யாரும் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து வெளியே நின்றார்.

"டீச்சர், இன்னொரு நாள் ஓட்டறேன். உள்ளே பொண்ணு இருக்கா."

"அதனாலதான் சார்."

"போலாம்ப்பா," என்றாள் இசைவாணி. "நேரமாச்சு."

நாச்சிமுத்து ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கேட்டார்.

"உங்க பக்கமும் பிரேக் இருக்குல்ல டீச்சர்?"

"இருக்கு."

இரண்டாவது வளைவில் மறுபடி கேட்டார்.

மூன்றாவதில் அவர் வாயைத் திறக்கும்போதே, ஸ்டெல்லா இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர்..."

"ரோட்டைப் பாருங்க."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழாவது வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி மேலேறி வந்தது. வளைவு முழுக்க அதுவே அடைத்துக்கொண்டது. அவர் ஒதுங்கி, சுவரோரம் நிறுத்தினார். ஒரு சாண் இடைவெளியில் பஸ் உரசாமல் கடந்துபோனது.

அவர் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். கார் குலுங்காமல் நகர்ந்தது.

அதன்பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. வளைவு வந்தது, திருப்பினார். இன்னொன்று வந்தது, அதையும் திருப்பினார்.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

"வாணி, வயித்துல ஏதும் பண்ணுதா..."

ஸ்டெல்லா உதட்டில் விரலை வைத்தாள்.

அவர் கண்ணாடியில் பார்த்தார். மகள் தலையணையில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்பத்திலிருந்து?" என்றார் தாழ்ந்த குரலில்.

"பஸ் போனதிலிருந்து."

நாச்சிமுத்து இன்ஜினை அணைத்தார். பிறகு இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அந்த நாலு ஷோரூமில் ஒன்றுக்குப் போன் போட்டார்.

"முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்றது மறுமுனை. "ஹைபிரிட்டா, பெட்ரோலா?"

"தம்பி, வெள்ளிக்கிழமைக்குள்ள எது கையில கிடைக்கும்?"